பண்டைய மத்தியதரைக் கடற்கொள்ளையருக்கு எந்தச் சிற்றுருவங்களைத் தேர்ந்தெடுப்பது?

மரக்கலம்:

அனைவருக்கும் வணக்கம். பண்டைய மத்தியதரைக் கடலில் திரிந்த கொள்ளையரைக் கொண்டு, 28 மி.மீ. அளவில், மேசையின் மேல் ஆடும் ஒரு சிறு மோதல் விளையாட்டை அமைக்க முயன்று வருகிறேன். என் மனத்தில் உள்ள காலம் கி.மு. 75ஐ ஒட்டியது. இளைஞரான ஜூலியஸ் சீசரை, இன்றைய துருக்கியின் தென்கரையான சிலிசியாவின் கொள்ளையர் ஃபார்மகூசா தீவுக்கு அருகில் பிடித்து 20 தாலந்து மீட்புப் பணம் கேட்க, தம் மதிப்பு அவ்வளவு குறைவன்று என்று அவரே அதை 50 ஆக உயர்த்தியதையும், 38 நாள்கள் அவர்களோடு இருந்து விடுதலையான பின் கப்பல் திரட்டிச் சென்று அவர்களைப் பிடித்துச் சிலுவையில் அறைந்ததையும் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அந்தக் கொள்ளையர்தாம் எனக்கு வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு விற்பனையாளரிடம் ‘பண்டைய கடற்கொள்ளையர்’ என்ற பெயரில் 12 உலோக உருவங்களை வாங்கினேன். தலையில் கட்டிய துணி, காதில் வளையம், அகன்ற தோல் இடுப்புவார், ஒற்றைக் கண்ணை மறைக்கும் பட்டை என எல்லாமே 18ஆம் நூற்றாண்டுக் கரீபியக் கடலைச் சேர்ந்தவையாக இருந்தன; கையில் மட்டும் ஒரு குறுவாள் பொருத்தப்பட்டிருந்தது. அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டேன். 40 உருவங்கள் வரை வாங்கவும் வண்ணம் பூசவும் என்னால் முடியும். எந்தப் படையினரின் உருவங்களை எடுத்தால் பார்ப்பவர் அவர்களை அந்தக் காலத்துக் கொள்ளையர் என்று நம்புவார்?

பழைய நாணயம்:

எந்தக் கடற்கரை, எந்த ஆண்டு என்பதைக் கேள்வியிலேயே சொல்லிவிட்டீர்கள். பலர் அதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். கடற்கொள்ளை ஒரு தொழில். கி.மு. 230ஐ ஒட்டி ஏட்ரியாட்டிக் கடலில் அதைச் செய்தவர்கள் அரசி தெயூதாவின் இல்லிரிய வீரர்கள். கி.மு. 205 அளவில் ஏஜியன் தீவுகளைச் சூறையாடிய திகையார்கோஸ் என்ற ஏட்டோலியர், மாசிடோனிய மன்னர் ஐந்தாம் பிலிப்பு கொடுத்த 20 கப்பல்களோடு புறப்பட்டவர். கரையிறங்கிய இடங்களில் இறைப்பழிக்கு ஒன்றும் முறைகேட்டுக்கு ஒன்றுமாகப் பலிபீடங்கள் எழுப்பி வழிபட்டார் என்று வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதுகிறார். இவர்கள் எவருக்கும் கொள்ளையருக்கென்று தனி உடை இருந்ததாகச் சான்று இல்லை. தம் ஊர்ப் போர்வீரனும் மாலுமியும் அணிந்ததையே அணிந்தார்கள்.

சிலிசியரைப் பொறுத்தவரை வரலாற்றாசிரியர் அப்பியன் தரும் குறிப்பு நமக்கு மிகவும் பயன்படும். பொந்தஸ் மன்னர் மித்ரிடாட்டீஸ் ரோமோடு நடத்திய போர்களால் வாழ்விழந்து, ஊரையும் நிலத்தையும் இழந்த மக்கள் கடலுக்கு வந்தனர் என்றும், தொடக்கத்தில் மியோபரோ, ஹெமியோலியா போன்ற சிறு விரைவுப் படகுகளை ஓட்டியவர்கள் பின்னர் இரண்டடுக்கு, மூன்றடுக்குத் துடுப்புக் கப்பல்களுக்கு வளர்ந்தனர் என்றும் அவர் சொல்கிறார். சிலிசியர் என்ற பொதுப்பெயரின் கீழ் சிரியர், சைப்ரஸ் தீவினர், பம்பிலியர், பொந்தஸ் நாட்டவர் எனக் கிழக்கின் பல மக்களும் கலந்திருந்தனர் என்பதும் அவர் கூற்றே. ஆகவே உங்கள் 40 உருவங்கள் ஒரே பெட்டியிலிருந்து வந்தவைபோல் தோன்றினால் அதுவே முதல் பிழையாகிவிடும்.

அந்த மக்களின் போர்க்கோலம் எப்படி இருந்தது என்பதற்கு என்னிடம் உள்ள சிறந்த சான்று சீதோன் நகரில் கிடைத்த வண்ணம் தீட்டிய கல்லறைக் கற்கள். பிசிடியா, லிசியா, காரியா முதலிய தென் அனத்தோலியப் பகுதிகளிலிருந்து கூலிப்படைக்கு வந்து அங்கே இறந்த வீரர்களை அவை காட்டுகின்றன: முழங்காலுக்கு மேல் நிற்கும் குட்டை அங்கி, தோளில் போர்வை, குஞ்சம் வைத்த தலைக்கவசம், நீள்வட்ட வடிவிலான பெரிய கேடயம். அந்தக் கேடயத்துக்குத் துரெயோஸ் என்று பெயர். கேடயத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு முதுகெலும்பு போன்ற மேடு ஓடும். கற்கள் சீசருக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தியவை என்றாலும், சிலிசியக் கொள்ளையர் புறப்பட்ட அதே மலைக்கரையின் மனிதர்களை இவ்வளவு நேராகக் காட்டும் ஓவியம் வேறில்லை. துரெயோஸ் தாங்கிய, ஹெலனியக் காலத்து (அலெக்சாண்டருக்குப் பிந்தைய) காலாட்படை உருவங்களை அடிப்படையாக வையுங்கள். அதன்மேல் மற்றவர்களைக் கலக்கலாம்.

ஈயவீரன்:

ஐயா சொன்னதை வாங்கும் பட்டியலாக மாற்ற முயல்கிறேன். விக்ட்ரிக்ஸ் நிறுவனத்தின் பிளாஸ்டிக் பெட்டிகளில் கிரேக்கப் பெல்தாஸ்து (சிறு கேடயம் தாங்கிய இலகுக் காலாள்), ஈட்டி எறிவோர், கவண்காரர் ஆகியோர் சேர்ந்து வரும் பெட்டி ஒன்று உண்டு. கவசமற்ற ஹாப்லைட்டுகளும் (பெரிய கேடயமும் ஈட்டியும் ஏந்திய காலாட்கள்) வில்லாளிகளும் வரும் பெட்டி இன்னொன்று. உடல், கை, தலை தனித்தனியாக ஒட்டப்படுபவை என்பதால் கலந்து பொருத்த அவற்றைவிட வசதியானவை எனக்குத் தெரியவில்லை. உருவங்கள் செவ்வியல் கிரேக்கக் காலத்துக்காகச் செதுக்கப்பட்டவை. ஆனால் வெறும் அங்கியும் வெறுங்காலும் நூற்றாண்டுகளால் அதிகம் மாறுவதில்லை. காலத்தைக் காட்டிக்கொடுப்பவை தலைக்கவசமும் கேடயமும்தாம். அந்த இரண்டை மட்டும் மாற்றினால் போதும்.

முகத்தை முழுதாக மூடும் கொரிந்தியத் தலைக்கவசம் எந்தத் தலையிலும் இருக்கக் கூடாது, அது கி.மு. 5ஆம் நூற்றாண்டோடு வழக்கொழிந்துவிட்டது. அதற்குப் பதிலாகக் கம்பளி நெருக்கிச் செய்த கூம்புத் தொப்பியான பிலோசைப் பாதித் தலைகளுக்கு வையுங்கள். கிரேக்க ஓவியத்தில் மாலுமிக்கும் கைவினைஞனுக்கும் உரிய தொப்பி அது. ஒடிசியசையே அந்தத் தொப்பியால்தான் அடையாளம் காண்கிறோம். ஒரு தோளை மட்டும் மூடி, வலத்தோளை வேலைக்கு விட்டுவைக்கும் எக்சோமிஸ் என்ற அங்கியும் உழைப்பாளியின் உடை. பிலோஸ், எக்சோமிஸ், வெறுங்கால் ஆகிய மூன்றும் ஓர் உருவத்தில் சேர்ந்தால் அவன் கப்பலிலிருந்து இறங்கியவன் என்பதைச் சொல்ல வேறு எதுவும் தேவையில்லை.

ஓர் எச்சரிக்கை. ரோமானியர் கையிலிருந்து பறித்த கருவிகளைக் காட்ட விரும்பி, இரும்புப் பட்டைகளை அடுக்கிய கவசத்தோடு வரும் லெஜியன் வீரர் பெட்டியை வாங்கிவிடாதீர்கள். அந்தக் கவசம் பேரரசுக் காலத்தது. கி.மு. 75இன் ரோமானியனுக்கு இரும்பு வளையச் சட்டையும் உச்சியில் குமிழ் வைத்த வெண்கலத் தலைக்கவசமும் உரியவை. அதுபோலவே, மெலிந்த பிளாஸ்டிக் உடல்களோடு 1990களின் தடித்த உலோக உருவங்களை ஒரே மேசையில் கலந்தால், தலையளவு வேறுபாடு கண்ணை உறுத்தும். நான் பழைய உலோக உருவங்களைத் தனிக் கப்பலில் ஏற்றிவிடுவது வழக்கம்; ஒரு கப்பலுக்குள் அளவு ஒத்திருந்தால் கண் ஏற்றுக்கொள்கிறது.

தூரிகை:

இருவரும் சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் வண்ணம் பூசுபவளாக எனக்கு ஒரு கவலை உண்டு. மேசையின் மறுபக்கத்தில் மூன்றடி தள்ளி நிற்பவருக்கு இவர்கள் ஏதோ ஓர் ஏழை ஊரின் காவற்படையாகத்தான் தெரிவார்கள். ஊர்க்காவலரையும் கொள்ளையரையும் ஒரே வகை உருவங்களால் அமைத்தால் ஆட்டத்தில் யார் யாரென்றே விளங்காமல் போகும். புளூட்டார்க்கே நமக்கு ஒரு வழி தருகிறாரே! பொன் பூசிய கம்பங்கள், ஊதா விரிப்புகள், வெள்ளித் தகடு போர்த்திய துடுப்புகள் என்று அவர்களின் கப்பல்களை வர்ணித்து, அவர்கள் செய்த தீமையைவிட அவர்களுடைய ஆடம்பரமே வெறுப்பூட்டியது என்று எழுதுகிறார். அப்படியானால் ஊதாவையும் வெள்ளியையும் பொன்னையும் தாராளமாகப் பயன்படுத்த நமக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

பழைய நாணயம்:

அக்கா, அந்தப் பகுதி, கொள்ளையரை ஒடுக்கிய ரோமானியத் தளபதி பாம்பேயின் வெற்றியைப் பெரிதாக்குவதற்கு முன்னுரையாக அமைந்திருப்பதை மறக்க வேண்டாம். கி.மு. 67இல் கபினியச் சட்டத்தின்படி 500 கப்பல்களும் 1,20,000 காலாட்களும் 5,000 குதிரைவீரரும் ஒரே மனிதரிடம் ஒப்படைக்கப்பட்டனர் என்று அவர் சொல்கிறார். அத்தனை பெரிய அதிகாரத்துக்குத் தகுந்த எதிரியாகக் கொள்ளையரைக் காட்ட வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. 1,000க்கு மேற்பட்ட கப்பல்கள், பிடிபட்ட 400 நகரங்கள் என்ற எண்களும் அதே இடத்தில்தான் வருகின்றன. மேற்குக் கடலை 40 நாளில் துடைத்து, கொராகேசியனுக்கு முன்னே கடைசிப் போரை முடித்து, மூன்று மாதத்துக்குள் எல்லாம் அடங்கியதென்றால், பொன் கப்பல் ஓட்டிய பேரரசர்கள் அவ்வளவு விரைவில் பணிந்துவிடுவார்களா?

பிடிபட்டவர்களைப் பாம்பே என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். 20,000க்கு மேற்பட்டவர்களைக் கொல்லாமல், சிலிசியாவின் சோலி முதலிய ஆளற்றுப்போன ஊர்களில் நிலம் கொடுத்துக் குடியேற்றினார். சோலி பின்னர் பாம்பேயோபோலிஸ் ஆயிற்று. நிலம் கிடைத்தால் உழுவார்கள் என்று அவர்களை வென்றவரே கணித்திருக்கிறார். அந்த மனிதர்களைத்தான் உருவங்களில் தேட வேண்டும் என்பது என் எண்ணம்.

தூரிகை:

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் முழுவதுமாக அல்ல. உழுதுகொண்டிருந்தவன் கொள்ளையனாகிப் பத்தாண்டு கழிந்த பின், அவன் உடலில் அவன் பறித்தது எதுவும் இல்லாமலிருக்குமா? ஒரு கப்பல் நிறைய ஊதா வேண்டாம். பத்துப் பேரில் ஒருவனுக்கு அவன் அளவுக்குப் பொருந்தாத விலையுயர்ந்த போர்வை ஒன்றைக் கொடுங்கள். போர்வைக்கு மட்டும் ஊதா. அதன் கீழே வெளுத்துப்போன கம்பளி அங்கி. மற்றவர்களுக்குச் சாயம் ஏறாத ஆட்டுமயிரின் நிறங்கள், அதாவது பால்வெள்ளை, சாம்பல், தவிட்டு நிறம். இடையிடையே மஞ்சிட்டி வேர்ச் சிவப்பு. தனித்தனியே ஏழ்மையாகத் தெரியும் உருவங்களுக்கு நடுவே திடீரென்று ஓர் ஊதாத் துணி தென்பட்டால், மூன்றடி தொலைவிலும் அது திருட்டுப் பொருள் என்பது புரிந்துவிடும். தலைவனின் படகில் மட்டும் துடுப்பு அலகுகளுக்கு வெள்ளி பூசலாம். புளூட்டார்க் மிகைப்படுத்தியிருந்தாலும், ஒரு படகிலாவது அப்படிக் கண்டவர் இருந்திருப்பார்.

பழைய நாணயம்:

ஒரு படகுக்கு நான் இசைகிறேன்.

கரைமணல்:

இடையில் வருவதற்குப் பொறுத்தருள்க. மித்ரிடாட்டீஸ், பாம்பே எல்லாம் எதற்கு? கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு வரும் ஷெர்தன் (கடல்மக்களில் ஒரு கூட்டம்) உருவங்கள் என்னிடம் 20 உள்ளன. மூன்றாம் ராம்சேசின் மெதினத் ஹாபு கோவிற்சுவரில் கடற்போர்க் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. வெண்கலக் காலத்தின் இறுதியில் எகிப்தைத் தாக்கிய அந்தக் கடல்மக்களே முதல் கடற்கொள்ளையர் அல்லவா? அவற்றையே பயன்படுத்தினால் மரக்கலத்துக்குச் செலவு மிச்சமாகும்.

பழைய நாணயம்:

நல்ல உருவங்கள்தாம், ஆனால் அந்தக் கோவிற்சுவர் ஏறத்தாழ கி.மு. 1175ஐச் சேர்ந்தது. அதற்கும் சீசருக்கும் இடையில் 1,100 ஆண்டுகள் கிடக்கின்றன. மேலும் அச்சுவரில் ஷெர்தன்கள் எகிப்தியர் பக்கத்திலும் நின்று போரிடுகிறார்கள்; மக்கள் பெயர்ந்து வந்த அந்தப் பேரலையைக் கொள்ளை என்ற ஒரு சொல்லுக்குள் அடக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. வெண்கலக் காலத்துக் கடற்கொள்ளையர் வேண்டுமானால், எகிப்தின் அமர்னாவில் கிடைத்த மடல் ஒன்றில் அலாசியா (சைப்ரஸ்) மன்னர், ஆண்டுதோறும் தம் ஊர்களைப் பிடிப்பதாகக் குறைகூறும் லுக்கா மக்களைத் தேடுங்கள். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், கட்டாயம் எழுதுகிறேன்.

சுக்கான்:

உருவங்களைப் பற்றியே பேசுகிறீர்கள். அவர்கள் எதிலிருந்து இறங்குவார்கள் என்பதையும் முடிவு செய்யாவிட்டால் எண்ணிக்கை பொருந்தாது. 28 மி.மீ. உருவத்தை 1/56 என்று கொண்டால், ஏதென்சின் மூன்றடுக்குக் கப்பலைப் போல 1987இல் கட்டி மிதக்கவிடப்பட்ட ஒலிம்பியாசின் 37 மீட்டர் நீளம் மேசையில் 66 செ.மீ. ஆகும். 170 துடுப்புகளை ஒட்டவும் வேண்டும். சிறு மோதலுக்கு அது ஒவ்வாது. சிலிசியர் தொடங்கிய சிறு படகுகளையே எடுங்கள். ‘ஒன்றரை’ என்ற பொருள் தரும் ஹெமியோலியாவோ மியோபரோவோ போதும். மியோபரோ எப்படி இருந்தது என்பதற்குத் துனிசியாவின் அல்திபுரோஸ் தரைச்சித்திரத்தில் பெயரோடு ஒரு படம் உண்டு. அது பிற்காலத்தது என்றாலும் கைக்கு ஓர் உருவம் கிடைக்கிறது.

ஆட்களின் எண்ணிக்கைக்கு இல்லிரியரைத் துணைக்கொள்வேன். கி.மு. 231இல் மெதியோன் நகருக்கு 100 லெம்போஸ் படகுகளில் 5,000 பேர் வந்தனர் என்று பொலிபியஸ் எழுதுவதால், படகுக்கு 50 பேர். அந்த 50 பேரும் துடுப்புப் போட்டவர்கள், கரை தொட்டதும் ஆயுதம் எடுத்தவர்கள். ஏதென்சின் கப்பலிலோ 200 பேரில் 14 பேர்தாம் போர்வீரர்கள். கொள்ளையர் படகின் வலிமையே அந்த விகிதத்தில் இருக்கிறது. திரைப்படங்களில் வருவதுபோல் சங்கிலியில் கட்டிய துடுப்பாளிகளை உள்ளே உட்காரவைக்காதீர்கள்; அவர்களுக்குச் சான்று இல்லை, ஆட்டத்தின் பொருளையும் கெடுக்கும். ஒரு படகுக்கு 20 உருவங்கள் என்று இரண்டு படகு வைத்தால் உங்கள் 40 சரியாக அமையும்.

இன்னொன்று. துடுப்புக் கப்பலைக் கரையேற்றும்போது பின்புறத்தை மணலுக்குக் காட்டி, அணியத்தைக் கடலுக்குக் காட்டி நிறுத்துவார்கள். தப்பிச் செல்ல அதுவே வசதி. குவளை ஓவியங்களில் கப்பலின் பின்புறத்தில் ஏணி தொங்குவதைப் பார்க்கலாம். ஆகவே உருவங்கள் சுக்கானுக்கு அருகிலிருந்து ஏணி வழியே இறங்க வேண்டும். சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான காட்சிப் படங்களில் அணியத்திலிருந்து குதிக்கிறார்கள். உங்கள் மேசையிலாவது அது சரியாக இருக்கட்டும்.

மரக்கலம்:

இவ்வளவு விரிவான மறுமொழிகளை நான் எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. ஏணியைப் பற்றிய குறிப்பு என் மேசையின் அமைப்பையே மாற்றிவிட்டது. இப்போதைய கணக்கு இதுதான்: துரெயோஸ் கேடயம் தாங்கியவர் 12, பிலோசும் எக்சோமிசும் அணிந்த ஈட்டி எறிவோர் 16, வில்லாளிகள் 6, கவண்காரர் 4, தலைவன் ஒருவன், சுக்கான் பிடிப்பவன் ஒருவன். ஆட்டத்தின் குறிக்கோள்களாகக் கரையோரக் கிராமத்தில் மதுச் சாடிகள், எண்ணெய்ச் சாடிகள், ஒரு நாணயப் பெட்டி ஆகியவற்றை வைக்க எண்ணியிருக்கிறேன். இதில் ஏதேனும் குறை உண்டா?

தூரிகை:

ஒரு பெரிய குறை உண்டு. அவர்கள் எதற்காக வந்தார்களோ அதுவே உங்கள் மேசையில் இல்லை. அவர்கள் மனிதர்களைப் பிடிக்க வந்தார்கள். டெலோஸ் தீவு ஒரே நாளில் பல்லாயிரம் அடிமைகளை வாங்கி அனுப்பும் ஆற்றல் கொண்டிருந்தது என்றும், கார்த்தேஜும் கொரிந்தும் அழிந்தபின் செல்வம் கொழித்த ரோமானியருக்கு ஏராளமான அடிமைகள் தேவைப்பட்டதே கொள்ளையரை வளர்த்தது என்றும் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். மதுச் சாடி 20 கிலோவுக்கு மேல் கனக்கும், மலிவாக விற்கும். ஒரு பெண்ணோ சிறுவனோ தானே நடந்து படகில் ஏற வேண்டியிருக்கும், பல மடங்கு விலை போவார்கள்.

இதை உருவங்களில் காட்டாமல் விட்டால், நாம் வண்ணமயமான துணிச்சல்காரர்களை மட்டும் கொண்டாடுகிறோம் என்றாகிவிடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கயிறு ஏந்திய உருவங்கள் வேண்டும். ஆயுதமற்ற ஊர்மக்கள் வேண்டும். அவர்களை வேடிக்கையாகவோ கவர்ச்சியாகவோ செதுக்கிய பெட்டிகள் விற்கப்படுகின்றன, அவற்றை வாங்காதீர்கள். சாதாரணக் கிரேக்கக் கிராமத்தவர் உருவங்களை வாங்குங்கள், தண்ணீர்க் குடத்தோடு நிற்பவர், வலை உலர்த்துபவர் போல. அவர்களுக்கும் கொள்ளையருக்குப் பூசும் அதே கவனத்தோடு வண்ணம் பூசுங்கள், முகத்தை அவசரமாக முடிக்காதீர்கள்.

பழைய நாணயம்:

தூரிகை அக்கா சொன்னதுதான் இந்த இழையிலேயே முதன்மையானது என்று கருதுகிறேன். இதற்கு ஏற்ற நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். ஏஜியன் கடலில் உள்ள அமோர்கோஸ் தீவின் ஐகியாலே ஊரில் கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. இரவில் கொள்ளையர் நாட்டுப்புறத்துக்குள் புகுந்து, பெண்கள், சிறுமியர், குடிமக்கள், அடிமைகள் என 30க்கு மேற்பட்டவர்களைப் பிடித்தனர். துறைமுகத்தில் இருந்த படகுகளைப் பாழாக்கினர். தோரியேயஸ் என்பவரின் படகைக் கைப்பற்றி, பிடித்தவர்களை அதில் ஏற்றிப் புறப்பட்டனர். பிடிபட்டவர்களில் ஹெகெசிப்போஸ், அந்திபாப்போஸ் என்ற சகோதரர்கள் இருவர், கொள்ளையர் தலைவன் சொக்ளைதாசிடம் பேசி, குடிமக்களையும் விடுதலை பெற்றவர்களையும் அடிமைகளில் சிலரையும் விடுவிக்கச் செய்து, அதற்கு ஈடாகத் தம்மையே பிணையாகக் கொடுத்தார்கள். ஊரார் அவர்களைச் சிறப்பித்து வெட்டிய கல்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது.

ஒரு விளையாட்டுக்கு வேண்டிய அனைத்தும் இதில் இருக்கிறது: இரவு, துறைமுகம், 30 பேர், ஒரு படகு, ஒரு பேச்சுவார்த்தை. சீசரின் கதையைக் கொள்ளையரைவிடச் சீசரே நிரப்பிவிடுகிறார்.

சுக்கான்:

இது அருமை. துறைமுகப் படகுகளை முதலில் பாழாக்குவது, துரத்தி வர வழியில்லாமல் செய்யும் முறை. ஆட்டத்தில் கொள்ளையரின் முதல் கடமையாக அதை வைக்கலாம். தோரியேயசின் படகுக்கு அளவு தேடினால், சைப்ரசுக்கு அருகே கண்டெடுக்கப்பட்ட கைரீனியா வணிகக் கப்பலைப் பாருங்கள். அது மூழ்கியதும் கி.மு. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டித்தான். நீளம் ஏறத்தாழ 14 மீட்டர் என்பதால் உங்கள் மேசையில் 25 செ.மீ. ஆகும். அதன் உடற்பகுதியின் அடியில் இரும்பு ஈட்டி முனைகள் கிடைத்ததால், அது கொள்ளையரால் தாக்கப்பட்டிருக்கலாம் என்று அகழ்ந்தவர்கள் கருதினார்கள். அதில் நான்கு பேர் உண்ணும் கலங்கள் இருந்தன. நான்கு மாலுமிகள் கொண்ட படகின் முன்னே 50 பேர் கொண்ட லெம்போஸ் வந்து நிற்பதை எண்ணிப் பாருங்கள்.

ஈயவீரன்:

காலம் இருநூறு ஆண்டு பின்னுக்குப் போனாலும் வாங்கியவை வீணாகா. துரெயோஸ் கேடயம் கி.மு. 279இல் கெல்ட் இனத்தவரான கலாத்தியர் கிரேக்கத்துக்குள் புகுந்ததை அடுத்துத்தான் கிரேக்கரிடையே பரவியது. எனவே அந்தக் கல்வெட்டின் நூற்றாண்டில் அது புதிய கருவி. 12 பேரிடம் இருப்பதை 6 ஆகக் குறைத்து, மற்றவர்களுக்குச் சிறு வட்டக் கேடயம் கொடுங்கள். ரோமானியக் கருவிகள் எதுவும் இருக்கக் கூடாது. கல்வெட்டு கொள்ளையர் எந்த ஊரார் என்று சொல்லாததால், சொக்ளைதாஸ் என்ற கிரேக்கப் பெயரை வைத்துக் கிரேக்கக் கூட்டமாகவே அமைக்கலாம். வில்லாளிகளைக் கிரீட் தீவினராகக் கொண்டால் அந்நாளைய கூலிப்படை வழக்கத்துக்கும் பொருந்தும். கிரீட் வில்லாளி சிறு கேடயமும் வைத்திருப்பான் என்பதை மறவாதீர்கள். பெட்டியில் மீந்த வட்டக் கேடயங்கள் அதற்கு உதவும்.

ஊர்க்காவலரையும் கொள்ளையரையும் வேறுபடுத்துவது பற்றி அக்கா முன்பு கேட்டதற்கும் இந்த இரவு விடை தருகிறது. ஊரார் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவர்கள். கையில் தீப்பந்தம், மீன் ஈட்டி, ஏதோ ஒன்று; கேடயம் கிடைத்தவன் தலைக்கவசம் இல்லாமல் ஓடிவருவான். கொள்ளையரோ ஆயத்தமாக வந்தவர்கள்.

தூரிகை:

அதோடு, இரவுக் காட்சி என்பதால் எல்லாவற்றையும் நீலமாக்கிவிட வேண்டாம். மேசையில் எதுவும் தெரியாமல் போகும். இயல்பான நிறங்களையே பூசி, தீப்பந்தம் பிடித்தவரின் முகத்திலும் கையிலும் மட்டும் மஞ்சள் கலந்த செம்மையை மெல்லிய படலமாக ஏற்றுங்கள். மழைக்காலத்தில் தெளிப்புப் பிரைமர் அடிப்பதாக இருந்தால் காற்றின் ஈரம் குறையும் நாளுக்காகக் காத்திருங்கள். ஈரக் காற்றில் அடித்த பிரைமர் தூள் தூளாகப் படிந்து, நுண்ணிய முகங்களை மூடிவிடும்.

மரக்கலம்:

மூன்று மாதங்களுக்குப் பின் வருகிறேன். 40 கொள்ளையரையும் ஊரார் 34 பேரையும் முடித்துவிட்டேன். லெம்போஸ் படகு ஒன்றுதான் கட்ட முடிந்தது. இரண்டாவதன் இடத்தில் தோரியேயசின் படகு, 25 செ.மீ. நீளத்தில், துறையில் நிற்கிறது. ஊதாப் போர்வையை நான்கு பேருக்குக் கொடுத்திருந்தேன். அமோர்கோசின் ஏழை ஊரில் அது பொருந்தவில்லை என்று தோன்றியதால் மூவரிடமிருந்து எடுத்துவிட்டேன். துடுப்புகளுக்கு வெள்ளி பூசவில்லை.

மிகவும் தடுமாறியது சொக்ளைதாசுக்கு உருவம் தேடியபோதுதான். தலைக்கவசமும் மார்புக் கவசமும் அணிந்து வாளை உயர்த்தி நிற்கும் தளபதி உருவங்கள் எத்தனையோ கிடைத்தன. எதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில் பெல்தாஸ்துப் பெட்டியிலிருந்து, ஈட்டியை ஊன்றி ஒருபக்கமாகத் தலை சாய்த்து நிற்கும் சாதாரண ஆள் ஒருவனை எடுத்துக்கொண்டேன். எதிரில் நிற்பவர் சொல்வதைக் கேட்பவன்போல் இருக்கிறான். அந்த மீந்த ஊதாப் போர்வை அவன் தோளில்தான் இருக்கிறது.

சகோதரர்கள் இருவரையும் கிராமத்தவர் உருவங்களிலிருந்து எடுத்து, கைகளை வெறுமையாக்கி, ஏணியின் அடியில் நிறுத்தியிருக்கிறேன். ஒருவர் முதல் படியில் கால் வைத்துவிட்டார். மற்றவர் கரையில் விடுவிக்கப்பட்டு நிற்பவர்களைத் திரும்பிப் பார்க்கிறார். அந்தக் கழுத்தை அறுத்துத் திருப்பி ஒட்ட இரண்டு மாலைகள் ஆயின. நாளை பகல் வெளிச்சத்தில் படங்கள் எடுத்து இங்கே இடுகிறேன்.